பெரிய பிராண்டு பிரவுன் பேலட்: நம்ம நிறத்துக்கும் நம்ம வெயிலுக்கும் தேறுமா?

கல்யாண மாசம் நெருங்கினால் திருநெல்வேலிப் பக்கம் பெண்கள் பேச்சில் இந்தக் கேள்வி வந்துவிடும். ஐயாயிரம், ஆறாயிரம் கொடுத்துப் பெரிய பிராண்டு நியூட்ரல் ஐஷேடோ பேலட் (பிரவுன், மணல் நிறம் மாதிரி அடக்கமான நிறங்களில் இமைக்குப் பூசும் பொடிகளைச் சின்னச் சின்னத் தட்டுகளில் அடுக்கிய பெட்டி) வாங்கலாமா, ஐநூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதுமா? "அத்தனையும் பிரவுனாத்தான இருக்கு, இதுக்கா இம்புட்டு ரூவா?" என்று வீட்டில் மைனி கேட்பார். கேள்வி நியாயமானது. அதற்கு ஒழுங்கான பதில் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேலட்டில் உள்ள ஷேட்களில் உங்கள் இமையில் உண்மையிலேயே தெரியக்கூடியவை எத்தனை என்று எண்ணுங்கள். விலையை அந்த எண்ணால் வகுங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணால் வகுத்தால் ஏமாற்றம்தான். மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் 12, 14 ஷேட் பேலட்கள் பல தோற்றுப்போகும். நாலு ஷேட் கொண்ட சின்னப் பேலட்களும் தனித்தனியாக வாங்கும் ஷேட்களும் முன்னால் வந்து நிற்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குப் பின்னணி உண்டு. நியூட்ரல் பேலட் மோகத்தைப் பெரிதாகக் கிளப்பிவிட்டது அர்பன் டிகே நிறுவனத்தின் நேக்கட் பேலட். 2010இல் வந்தது, 2018இல் நிறுத்தினார்கள். 12 ஷேட். அதில் மினுமினுப்பே இல்லாத சுத்த மேட் என்று பார்த்தால் இரண்டுதான், மற்றதெல்லாம் லேசாகப் பளபளக்கும் சாட்டினும் மினுமினுக்கும் ஷிம்மரும். அதற்குப் பின்னால் வந்த பேலட்களில் மேட் ஷேட்கள் கூடின. ஆனால் அடிப்படை வரிசை மாறவில்லை. ஒரு கிரீம் நிறம், ஒரு பீஜ் (மணல் நிறம்), ஒரு வெளிர் பிரவுன், இரண்டு ஷாம்பெயின் ஷிம்மர், அதற்கப்புறம்தான் கொஞ்சம் அழுத்தமான பிரவுன்கள். வெள்ளைத் தோலில் அந்தப் பீஜ் ஒரு நிழல் மாதிரி விழும். நம்ம மாநிறத்தில் அதே பீஜ் ஒன்று கண்ணுக்கே தெரியாது, இல்லையென்றால் பவுடர் அப்பிய மாதிரி வெளிறித் தெரியும்.

ஐஷேடோ போடும்போது இமை மடிப்புக்குச் சற்று மேலே முதலில் தேய்க்கும் ஷேட்டை டிரான்சிஷன் ஷேட் என்பார்கள். மற்ற நிறங்களின் ஓரத்தைத் தோலோடு கரைத்து விடுவது அதன் வேலை. அது உங்கள் தோலைவிட ஒரு படி, இரண்டு படி அழுத்தமாக இருந்தால்தான் வேலை செய்யும். மேக் பிராண்டின் ஃபவுண்டேஷன் நிற எண் கணக்கில் (எண் கூடக் கூட நிறம் அழுத்தம்) என்சி 40, 42 பக்கம் இருப்பவர்களுக்குக் கேரமல் நிறம், செம்மண் கலந்த பிரவுன் சரியாக வரும். என்சி 45, 50க்குச் செங்கல் நிறமோ சிவந்த பிரவுனோ வேண்டும். இன்னும் அழுத்தமான நிறத்தவர்களுக்குச் சாக்லேட் பிரவுனே டிரான்சிஷன். இமையின் வெளி மூலைக்குக் காப்பிக்கொட்டைக் கறுப்பு. ஆக, வெள்ளைக்காரப் பெண் வெளி மூலைக்கு வைக்கிற ஷேட்டைத்தான் நம்மில் பலர் டிரான்சிஷனாகப் பயன்படுத்துகிறோம். அவர்களுடைய டிரான்சிஷன் நமக்கு உபரி. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பேலட் படத்தைப் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

ஒரு நிஜ பேலட்டை எடுத்துக்கொள்வோம். அனஸ்டேஷியா பெவர்லி ஹில்ஸின் சாஃப்ட் கிளாம். 14 ஷேட், ஒவ்வொன்றும் 0.74 கிராம். டெம்பரா என்கிற பீஜ் மேட், என்சி 42க்கு மேற்பட்ட நிறத்தில் எண்ணெய் ஒற்றும் பவுடராக மட்டும் உதவும், நிறமாக உதவாது. ஃபேரி என்கிற வெளிர் ஷிம்மர் கண்ணின் உள் மூலைக்கு ஒரு பொட்டு வைக்கலாம், அவ்வளவுதான். பர்ன்ட் ஆரஞ்சு, சியன்னா இரண்டும் நம்ம நிறத்துக்கு அருமையான டிரான்சிஷன். பிரான்ஸ் என்கிற வெண்கல நிற ஷிம்மர் எல்லாப் பட்டுக்கும் போகும். சைப்ரஸ் அம்பர், ஆழமான காப்பி நிறம், வெளி மூலைக்கு. நுவார் கறுப்பு, கண்மை ஓரத்தைப் புகைமூட்டமாக்க. இந்தப் பேலட்டை நான் மதிக்கிறேன். நம்ம நிறத்துக்குத் தேறும் ஷேட்கள் பாதிக்குமேல் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: பொடி மிக மென்மையானது. பிரஷை அழுத்தினால் தட்டிலேயே தூள் கிளம்பும், கன்னத்தில் உதிரும். பிரஷ் நுனியால் தொட்டு, ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் இமைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது கணக்கு. ஒரு 14 ஷேட் பேலட் 5,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷேட் 400 ரூபாய்தானே என்று தோன்றும். உங்கள் இமையில் தெரிவது ஏழு என்றால் ஒரு ஷேட் 800. தட்டில் இருப்பது 0.74 கிராம், அப்படியானால் கிராம் 1,080 ரூபாய்க்கு மேல். சார்லட் டில்பரியின் நாலு ஷேட் லக்சரி பேலட்டில் மொத்தம் 5.2 கிராம், ஷேட்டுக்கு 1.3 கிராம். அந்த அளவுள்ள ஒரு பேலட் 4,400 ரூபாய் என்று கணக்குக்காக வைத்து, நாலும் உங்களுக்கு ஆகும் என்றால், கிராம் 850 ரூபாய்க்குள் அடங்கும். பார்வைக்கு விலை கூடினதாகத் தெரிந்த பேலட் கிராம் கணக்கில் மலிந்துவிட்டது. நாலில் ஒன்று ஆகாது என்றால் உடனே கிராம் 1,130 ரூபாய்க்கு ஏறிவிடும். அதனால்தான் சின்னப் பேலட் வாங்கும்போது ஒரு ஷேட்கூட வீணாகாதபடி தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

கிராம் கணக்குக்கும் ஒரு எல்லை உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் போடுகிறவர் 0.74 கிராமைக்கூட லேசில் காலி செய்ய மாட்டார். பொடியின் ஆயுசு முதலில் தீர்ந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு எடை கூடுவதால் லாபம் இல்லை. நாள்தோறும் போடுகிறவருக்கும் மணப்பெண் மேக்கப் தொழில் செய்கிறவருக்கும் எடைதான் முதல் கேள்வி. அவர்களுக்கு நடுப் பிரவுன் மட்டும் சீக்கிரம் காலியாகி, மற்ற பத்தும் புதுசாகவே கிடக்கும். ஒரு ஷேட்டுக்காக முழுப் பேலட்டைத் திரும்ப வாங்க வேண்டிவரும். அதற்குப் பதில் காந்தம் வைத்த காலிப் பெட்டி ஒன்றை வாங்கி, தனி ஷேட்களை அதில் அடுக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். மேக்கின் சாஃப்ட் பிரவுன், சேடில், எம்பார்க், எஸ்பிரஸோ இந்த நாலும் மேட் வரிசையில் நம்ம நிறங்களுக்குத் தக்க ஒரு ஏணி. எது தீர்ந்ததோ அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மைனியின் கேள்விக்கு இப்போது வருகிறேன். பிரவுனெல்லாம் ஒரே பிரவுன்தானா? நிறம் கொடுக்கும் சரக்கைப் பொறுத்தவரை, ஏறக்குறைய ஆமாம். ஐஷேடோ பிரவுன் என்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு: சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றின் கலவை. லேபிளில் சிஐ (நிறமிகளுக்கான குறியீட்டு எண்) 77491, 77492, 77499 என்று வரும். ஐநூறு ரூபாய்ப் பேலட்டிலும் ஆறாயிரம் ரூபாய்ப் பேலட்டிலும் இதே மூன்று எண்கள்தான். கூடவே சிஐ 77891, அதாவது டைட்டானியம் டையாக்சைடு, வெள்ளை. வெளிர் நிறம் வேண்டுமென்றால் இதைக் கூட்டுவார்கள். நம்ம தோலில் சாம்பல் பூத்த மாதிரி தெரிவதற்குக் காரணம் அனேகமாக இந்த வெள்ளையும், நிரப்பியாகச் சேர்த்த டால்க்கும் கூடிப்போவதுதான். இந்த வெள்ளை விலை பார்த்து வருவதில்லை. விலை உயர்ந்த பேலட்டின் பீஜிலும் அது நிறைய இருக்கும், அதுவும் சாம்பல் பூக்கும்.

வித்தியாசம் மற்ற இடங்களில் இருக்கிறது. பொடியை எவ்வளவு நுணுக்கமாக அரைத்தார்கள், நிறத் துகள்களுக்கு மேல் சிலிகோன் போன்ற மெல்லிய பூச்சு கொடுத்தார்களா, பிடிமானத்துக்குச் சேர்த்த டைமெத்திகோன், மெக்னீசியம் ஸ்டியரேட் போன்றவை என்ன அளவு, எவ்வளவு அழுத்தத்தில் தட்டில் இறுக்கினார்கள் என்பவை. பிடிமானம் கூடினால் தட்டு கல்லாக இருக்கும், பிரஷில் ஏறாது. குறைந்தால் கொட்டும். நல்ல மேட் ஷேட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அதைச் செய்வது கடினம். ஷிம்மர் அவ்வளவு கடினமில்லை, மினுமினுக்கும் மைக்கா துகள்களே பாதி வேலையைச் செய்துவிடும். ஆகவே என் சிபாரிசு: ஷிம்மரில் காசை மிச்சம் பிடியுங்கள், மேட்டில் செலவழியுங்கள். நம்ம நாட்டு பிராண்டுகளின் ஷிம்மர்கள் இப்போது விரலால் தொட்டு வைத்தால் பெரிய பிராண்டுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. மேட்டில்தான் திட்டுத்திட்டாக நிற்பதும் இழுத்தால் மறைந்துபோவதும் அடிக்கடி நடக்கிறது.

லேபிளைப் படித்தே தரத்தை அளந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சேர்மானங்கள் அளவு வரிசையில் எழுதப்பட்டாலும், நிறமிகளைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுத அனுமதி உண்டு. எது எவ்வளவு என்று அதிலிருந்து தெரியாது. டால்க் முதலில் இருப்பதாலேயே மட்டமான சரக்கு என்று சொல்வதும் தவறு. பல நல்ல மேட்களில் டால்க்தான் முதல் பெயர். பல பிராண்டுகளுக்கு இத்தாலியின் இன்டர்காஸ் போன்ற நிறுவனங்கள்தான் பொடி செய்து கொடுக்கின்றன என்பதும் உண்மை; ஆனால் ஒரே ஃபேக்டரி என்றால் ஒரே ஃபார்முலா என்று பொருள் இல்லை. லேபிளில் சைவக் குடும்பங்கள் பார்க்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது: சிஐ 75470. அது கார்மின், கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. ரோஸ், பெர்ரி சாயல் கொண்ட நியூட்ரல் ஷேட்களில் வரும்.

சோதித்துப் பார்ப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். கடைகளில் விரலால் தொட்டு முன்கையின் உள்பக்கம் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார்கள். அதில் எல்லாமே நன்றாகத் தெரியும். விரலின் சூடும் எண்ணெய்ப்பசையும் எந்தப் பொடியையும் ஒட்டவைத்துவிடும். முன்கையின் உள்பக்கமோ நம்ம உடம்பில் வெளுப்பான இடங்களில் ஒன்று. நம்மில் பலருக்குக் கண்ணிமை கன்னத்தைவிடக் கறுப்பு. எனவே சுத்தமான பிரஷைக் கையோடு கொண்டுபோங்கள், கையின் வெளிப்பக்கம், வெயில் பட்ட தோலில் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு முறை தொட்டு, பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். நல்ல மேட் நடுவில் நிறமாக நின்று, ஓரத்தில் மட்டும் கரையும். பத்துச் சுற்றில் முழுக்கக் காணாமல் போனால் அது இமையிலும் நிற்காது. வைத்த இடத்திலேயே கறையாக நின்று நகர மறுத்தால் கண்ணில் திட்டு விழும். அடுத்து அதன்மேல் இன்னொரு அழுத்தமான மேட்டை வைத்துக் கலக்குங்கள். இரண்டும் தனித்தனிச் சாயலாகத் தெரிய வேண்டும். ஒரே சேற்று நிறமாகக் குழம்பினால் அந்தப் பேலட்டில் 14 ஷேட் இருந்தும் ஒரே ஷேட்தான். பிறகு கடை விளக்கை விட்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பூசியதைத் துடைக்காமல் வெளிவேலையை முடித்துவிட்டு, நாலு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். வாங்குவதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.

நெல்லையில் இருப்பவர்களுக்கு இப்படித் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்குகிறோம், திறந்த பெட்டியைத் திரும்ப எடுப்பதும் அரிது. அப்போது பிராண்டின் சொந்தப் படத்தை நம்பாமல், உங்கள் நிறத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்த தென்னிந்தியப் பெண்கள் இமையில் போட்டுக் காட்டும் வீடியோவைத் தேடுங்கள். கையில் இழுத்த கோடுகளை விட்டுவிடுங்கள். வீடியோவில் ரிங் லைட் இருந்தால் நிறம் ஒரு படி வெளுப்பாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த காட்சி ஒன்றாவது கிடைக்கும்வரை காத்திருங்கள். சாம்பல் சாயல் கொண்ட டோப் வகை நியூட்ரல்களில் கூடுதல் கவனம் வேண்டும். படத்தில் நாகரிகமாக இருக்கும். மஞ்சள் சாயல் கொண்ட நம்ம தோலில், மண்டபத்து மஞ்சள் விளக்கின் கீழ், தூக்கமில்லாத கண் மாதிரி காட்டும். பொன், செம்பு, செம்மண் பக்கம் சாயும் நியூட்ரல்களே இங்கே பாதுகாப்பானவை.

இனி வெயில். பாளையங்கோட்டையில் கோடையில் 38 டிகிரியைத் தாண்டும் பகலில், பிரைமர் (ஐஷேடோவுக்கு முன் இமையில் பூசும் அடிப்பூச்சு) இல்லாமல் போட்ட எந்த ஐஷேடோவும் மதியச் சாப்பாட்டுப் பந்திக்குள் மடிப்பில் கோடாகச் சேர்ந்துவிடும். ஆறாயிரம் ரூபாய்ப் பேலட்டும் சேரும். இமையில் சுரக்கும் எண்ணெய் பொடியை நனைத்து, கண் சிமிட்டும்போதெல்லாம் மடிப்புக்குள் தள்ளுகிறது. விலையைக் கூட்டினால் எண்ணெய் நிற்காது. நல்ல ஐ பிரைமருக்கு ஒதுக்கும் காசுதான் முதல் முதலீடு. பேலட் அதற்கப்புறம்.

பிரைமரைப் போடும் முறையிலும் தவறு நடக்கிறது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஓர் அரிசி அளவு போதும். முதலில் இமையை டிஷ்யூவால் ஒற்றி எண்ணெயை எடுங்கள். அரிசியில் பாதியை ஒரு இமையில் வைத்து, மோதிர விரலால் புருவத்துக்குக் கீழ்வரை மெலிதாகப் பரப்புங்கள். ஒரு நிமிஷம் விடுங்கள். அது காய்வதற்குள் மேட் பொடியை வைத்தால் பிடித்த இடத்தில் பிடித்துத் திட்டாகும்; பலர் பேலட்டைக் குறை சொல்வது இந்தத் திட்டுக்காகத்தான். காய்ந்ததும் தோல் நிறப் பவுடர் ஒரு தொடு. வெள்ளை டிரான்ஸ்லூசன்ட் பவுடர் வேண்டாம், சிலிகா கூடிய பவுடர் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளையடிக்கும். அதன்மேல் டிரான்சிஷன் ஷேட் வழுக்கிக்கொண்டு கலக்கும். ஷிம்மர் வைக்கிற நடு இமையில் மட்டும் இந்தப் பவுடரைத் தவிர்த்துவிடுங்கள். ஷிம்மருக்கு ஈரப்பசை வேண்டும், விரலால் அழுத்தி வையுங்கள், தேய்க்காதீர்கள். பிரைமருக்குப் பதில் கன்சீலர் (கருவளையம் மறைக்கும் கிரீம்) போடுகிறவர்கள் அளவை இன்னும் குறைக்க வேண்டும். கனமாகப் போட்ட கன்சீலர் தானே மடிப்பில் சேர்ந்து, மேலே உள்ளதையும் இழுத்துக்கொண்டு போகும்.

பிரஷ் இரண்டு போதும். நுனி கூர்ந்து பஞ்சு மாதிரி இருக்கும் பிளெண்டிங் பிரஷ் ஒன்று, வெளி மூலைக்குப் பென்சில் முனை போன்ற சின்ன பிரஷ் ஒன்று. பேலட்டுடன் வரும் ஸ்பாஞ்ச் குச்சியால் மேட்டைக் கலக்க முடியாது. பேலட் மோசம் என்று ஒதுக்குவதற்கு முன் பிரஷை மாற்றிப் பாருங்கள். 300 ரூபாய் பிளெண்டிங் பிரஷ் ஒன்று, கையில் ஏற்கெனவே இருக்கும் பேலட்டைக் காப்பாற்றிவிடக்கூடும்.

விசேஷங்களைப் பொறுத்தும் தேவை மாறும். விடிகாலை முகூர்த்தத்துக்கு இரண்டு, மூன்று மணிக்கே மேக்கப் தொடங்கிவிடும், ஹோமப் புகையில் கண் கலங்கும். கீழ் இமையில் ஐஷேடோவை மிகக் குறைத்து, காதோரத்து மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும். கண்ணீரோடு முதலில் வழிவது அதுதான். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் எந்தப் பட்டுக்கும் பொன் சாயல் பிரவுன் ஒத்துப்போகும். நியூட்ரல் பேலட்டுக்கு ஆதரவாக நான் சொல்லும் வலுவான வாதம் இதுதான்: மறுவீடு, வளைகாப்பு, சடங்கு வீடு என்று சேலை மாறிக்கொண்டே இருக்கும், பேலட் மாற வேண்டாம். பாளையங்கோட்டையில் சர்ச் கல்யாணத்து வெள்ளைச் சேலைக்கும் கவுனுக்கும் ரோஸ் பிரவுன் அழகு. மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் இரவு நிகழ்ச்சிகளில் எல்இடி வெளிச்சம் பலமாக இருக்கும். அங்கே மேட் கொஞ்சம் கூடினாலும் பொறுக்கும், பெரிய துகள் கிளிட்டர் பொறுக்காது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ராத்திரி முழுக்க விழித்து நிற்கும் கூட்டத்தில் ஒரே ஷேட்டை இமை முழுக்கப் பூசி, மை தீட்டிக்கொண்டால் போதும். பேலட்டே தேவையில்லை.

அப்படியானால் யார் வாங்கலாம்? வாரத்தில் மூன்று நாளுக்குமேல் ஐஷேடோ போடுகிறவர்கள் வாங்கலாம். அதிலும் நாலு, ஐந்து ஷேட் உள்ளதை. மணப்பெண் மேக்கப் தொழிலாக எடுத்திருப்பவர்களுக்கு ஒரு பெரிய நல்ல பேலட் அவசியம் என்றே சொல்வேன். வருகிற பெண்களின் நிறம் வெளுப்பிலிருந்து அழுத்தக் கறுப்பு வரை மாறும், ஒருத்திக்கு உதவாத பீஜ் இன்னொருத்திக்கு உதவும், எந்த ஷேட்டும் உபரி ஆகாது. வருஷத்துக்கு நாலைந்து விசேஷத்துக்கு மட்டும் போடுகிறவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம். அவர்களுக்கு ஒரு பிரைமர், ஒரு நல்ல பிரஷ், தோலைவிட இரண்டு படி அழுத்தமான ஒரு நல்ல மேட், ஒரு மலிவான பொன் ஷிம்மர் போதும். நாலும் சேர்ந்து ஒரு பெரிய பேலட் விலையில் பாதிக்குள் முடியும், கண்ணும் எடுப்பாக இருக்கும். கல்யாணப் பெண் தன் ஒரு நாள் மேக்கப்புக்காகப் பேலட் வாங்குவதும் தேவையில்லாதது. மேக்கப் போட வருகிறவர் கொண்டுவருவார்.

விலை கேட்டு மலைத்துப்போய், பெரிய பிராண்டு பெயர் போட்டு 400 ரூபாய்க்கு விற்பதை வாங்கிவிடாதீர்கள். அது போலி. ஒரு நேர்மையான உள்நாட்டு பிராண்டின் 400 ரூபாய்ப் பேலட் அதைவிட ஆயிரம் மடங்கு மேல். அழகுசாதன நிறமியில் ஈயம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), ஆர்சனிக் 2 பிபிஎம் தாண்டக் கூடாது என்று நம்ம நாட்டில் விதி இருக்கிறது; போலி தயாரிப்பவருக்கு எந்த விதியும் இல்லை, போவதோ கண்ணுக்குள். முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், பதிவுச் சான்றிதழ் எண்ணும், ரூபாயில் எம்ஆர்பியும் இருக்கும். பெட்டியின் பேட்ச் எண்ணும் பேலட்டின் பின்புற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஷேட் பெயரில் எழுத்துப்பிழை, பெயின்ட் வாடை, கோணலாக ஒட்டிய கண்ணாடி இவற்றில் ஒன்று இருந்தாலும் கண்ணில் வைக்காதீர்கள்.

வாங்கியபின் பராமரிப்பு. பெட்டியில் திறந்த டப்பா படத்துக்குள் 12, 24 என்று மாதக் கணக்கு இருக்கும். உலர்ந்த மேட் பொடி அந்தக் கெடுவைச் சற்றுத் தாண்டினாலும் அனேகமாகத் தாங்கும். வெண்ணெய் மாதிரி வழுவழுப்பான ஷிம்மர் முதலில் காய்ந்து கெட்டிப்படும். ஸ்கூட்டர் பெட்டிக்குள் மதிய வெயிலில் விடாதீர்கள், ஷிம்மரில் எண்ணெய் மேலே கசியும். பிரஷில் முகத்து எண்ணெய் ஏறினால் தட்டின் மேல் பளபளப்பான ஓடு கட்டி, பொடி ஏறாமல் போகும். செல்லோடேப்பை மெதுவாக ஒற்றி எடுத்தால் அந்த ஓடு வந்துவிடும். கூரியரில் தட்டு உடைந்து வந்தால் தூக்கிப்போட வேண்டாம். தூளை அதே தட்டில் நுணுக்கி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் களியாக்குங்கள். மேலே டிஷ்யூ வைத்து, ஒரு நாணயத்தால் அழுத்தி, ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். முன்பைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், நிறம் மாறாது. மெட்ராஸ் ஐ வந்தால் குணமாகும்வரை பேலட்டைத் தொடாதீர்கள். வந்த நாட்களில் பயன்படுத்திய கிரீம் ஐஷேடோவையும் மஸ்காராவையும் குப்பையில் போட்டுவிடுங்கள். அந்த நாட்களில் தொட்ட பொடி ஐஷேடோவையும் விட்டுவிடுவதே பாதுகாப்பு; பிரஷ்களைச் சோப்பில் கழுவிய பிறகே திரும்ப எடுங்கள். அக்கா தங்கச்சிக்கும் அந்த நாட்களில் கடன் கொடுக்கக் கூடாது.

துபாய், சவூதியில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லி விடுவது நம்ம பக்கம் வழக்கம். அப்படி வரும் பேலட்டில் இந்திய இறக்குமதி ஸ்டிக்கர் இருக்காது, அது இயல்பு. கடை பில்லோடு கொண்டுவரச் சொல்லுங்கள். "நல்ல பிரவுன் பேலட் ஒண்ணு வாங்கிட்டு வாங்க மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டால் விமான நிலையத்துக் கடையில் கண்ணில் பட்ட, பாதிக்கு மேல் வெளிர் ஷேட் உள்ள பெரிய பெட்டிதான் வரும். பிராண்டு பெயர், பேலட் பெயர், ஷேட்களின் எண்ணிக்கை மூன்றையும் எழுதி, படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே, அது இல்லையென்றால் வேறெதையும் வாங்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.